நல்லமுத்து கண்டெடுத்த வேலி நீலம்

நல்லமுத்துவின் கைகள் முழங்கைவரை வேலிக்குள் போயிருந்தன. ஒரு கை கொடியை விலக்கிப் பிடித்திருக்க, மற்றது பூவைக் கிள்ளிக் கிள்ளி இடுப்புத் துண்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. காலமெல்லாம் தண்ணீரில் கிடந்து வெளிறி, விரல் நுனிகள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரிச் சுருங்கிப்போன கைகள். நகக்கண்ணில் எப்போதும் புண் இருக்கும். நான் மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிடுவேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் அவர் கட்டை அவிழ்த்துவிட்டு அடுத்த துணியை அடிக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் பறித்தது சங்குப்பூ. பினாங்கின் டத்தோ கிராமாட் சந்துகளில் கம்பி வேலி, மூங்கில் வேலி, செம்பருத்தி வேலி எதுவானாலும் அந்தக் கொடி ஏறிவிடும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. நீலமாகப் பூக்கும். சாமிக்குப் போடுகிறவர்கள் பறித்துப் போடுவார்கள். விதையைத் தின்றால் வயிறு போகும், அதனால் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. அந்தப் பூவைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தால் போதும் என்பது என் எண்ணம். நல்லமுத்து இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டார். வந்த தொல்லையெல்லாம் அதனால் வந்ததுதான்.

அவர் டோபி, துணி வெளுப்பவர். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, ரப்பர் தோட்டத்து வேலைக்கென்று கப்பலேறி வந்தவர். மரத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. பால் வெட்டச் சொன்னால் பட்டையை உரித்துவிடுவார். கங்காணி இவர் தோலை உரிக்க வருவான். ஒரு நாள் கங்காணியின் வேட்டியை இவர் துவைத்துக் கொடுத்தாராம். அவன் அதைக் கட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு மரம் வேணாம், ஆத்துக்குப் போ" என்று அவனே அனுப்பிவிட்டானாம். இது நல்லமுத்து சொன்ன கதை. அவர் மனைவி ருக்குமணி அக்கா சொல்லும் கதையில் வேட்டி இல்லை, துரத்தல் மட்டும் உண்டு. எப்படியோ பினாங்குக்கு வந்து ஆயர் ஈத்தாம் ஆற்றில் இறங்கினார். நான் அவரைப் பார்த்தபோது இறங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

வெளுப்பு என்றால் அவருக்கு ஒரு கிறுக்கு. கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்ப்பார். "யாரு வெளுத்தது இது? அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கு" என்று தாலி கட்டும் நேரத்தில் பக்கத்து ஆளிடம் கேட்பார். ஒரு இழவு வீட்டில், செத்தவர் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சொந்தக்காரர்கள் அவரைத் தூக்கி வாசலில் விட்டார்கள்.

நான் அப்போது ஒரு மருத்துவமனையில் பயிற்சி முடித்த புதுத் தாதி. வார்டுத் துணியை அவரிடம் போடுவதும் திரும்ப வாங்குவதும் என் தலையில் விழுந்த வேலை. எங்களையெல்லாம் ஊரார் மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். என்னைவிட மூத்த ருக்குமணி அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சண்டை சீனி முகம்மதுவின் கடையில் தொடங்கியது. அரிசி, சவுக்காரம், மண்ணெண்ணெய் எல்லாம் விற்கும் கடை. துணிக்குப் போடும் நீலக்கட்டி அந்தப் பக்கத்தில் அங்கே மட்டும்தான் கிடைக்கும். தெருவுக்கே அவர் நானா, அதாவது அண்ணன். ஒரு காலையில் கடை நிறைய ஆள் இருந்தபோது யாரோ நல்லமுத்துவின் துணி வெளுப்பைப் புகழ்ந்தார்கள். நானா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அதுல அவரு வேலை என்னா இருக்கு? எல்லாம் நம்ம கடை நீலம்லா. ஆத்துல ஒரு கழுதையை இறக்கிவிட்டு இந்த நீலத்தைக் குடுங்க, அதுவும் வெளுத்துக் குடுக்கும்."

நல்லமுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப கழுதைகிட்டயே வித்துக்குங்க நானா. இனி உங்க நீலம் என் தொட்டியில விழாது."

"விழாம எப்படி வெளுப்பே?"

"கையால வெளுப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் ருக்குமணி அக்கா, "டவுன்ல வேற கடையில வாங்கிக்கலாமே" என்றார். நல்லமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. வேறு கடையில் வாங்கினால் கடை நீலம் இல்லாமல் முடியாது என்று தானே சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இப்படிப்பட்ட நியாயத்துக்கு மருந்து கிடையாது.

நீலம் இல்லாமல் இரண்டொரு நாள் துவைத்தார். துணி பழுப்படித்தது. அப்போதுதான் சந்து முனையில் பலகாரம் விற்கும் நோர்மா வேலியோரம் பூப் பறிப்பதைப் பார்த்தார். அந்தம்மா கூடையில் அழகான நீலத்தில் புட்டரிசிச் சோற்றுப் பலகாரம் இருக்கும், தொட்டுக்கொள்ளக் காயா என்னும் தேங்காய்ப்பால் முட்டைப் பாகு. அந்த நீலம் வேலியில் பறித்த சங்குப்பூச் சாறு என்பது பினாங்கில் எல்லாருக்கும் தெரியும். நல்லமுத்துவும் தினமும் வாங்கித் தின்றவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவர் மூளையில் அது வேறு கணக்காக ஓடியது. சோற்றை நீலமாக்குகிற பூ துணியை ஏன் வெளுப்பாக்காது? டோபியைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

நோர்மாவிடம் தமக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். அந்தம்மா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "துணிக்கா? போட்டுப் பாரேன். ஆனா ஆசாம் படாம பார்த்துக்க. புளிப்பு பட்டா நிறம் ஓடிப்போயிடும்."

"துணியில யாரும்மா புளி ஊத்துவாங்க?" என்று நல்லமுத்து அவரைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் வாரம் படுக்கை விரிப்புகள். பூவைக் கசக்கி வடிகட்டி, தொட்டித் தண்ணீரில் லேசாகக் கலந்து முக்கி எடுத்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், விரிப்புகள் நன்றாகவே வந்தன. எங்கள் தலைமைத் தாதி மேட்ரன் கூட ஒரு விரிப்பை விரலால் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். அதை நான் போய்ச் சொன்னதுதான் தப்பு. நல்லமுத்து அன்று மாலை மூட்டையைக் கட்டாமல் அடுத்த தவணை விரிப்புகளை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நானாவின் கடை வாசலைக் கடந்து போனார். கடந்தவர் திரும்பி வந்து இன்னொரு முறை கடந்தார்.

"என்னா நல்லமுத்து, வழி மறந்துடுச்சா?" என்றார் நானா.

"காத்தாட நடக்கறேன் நானா."

விரிப்புக்குக் கஞ்சி போடுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லமுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தது தாதிகளின் சீருடை. அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முந்திய மாதம் ஒரு தலையணை உறைக்குள் ஆற்று நண்டு ஒன்று உயிரோடு வந்துவிட்டது. அது ஒரு நோயாளியின் காதைப் பிடித்தது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார், மேட்ரனின் கோபம் போகவில்லை. இன்னும் ஒரு குறை கண்டால் துணி முழுவதும் சீன டோபிக் கடைக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருத்துவமனைத் துணி போனால் நல்லமுத்துவுக்கு ஆற்றில் வேலை இல்லை, மறுபடி ரப்பர் மரம்தான். இந்த நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் அவர் மனைவியும் வெள்ளிக்கிழமை வார்டுகளைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. எல்லாருக்கும் வெளுத்துக் கஞ்சி போட்ட சீருடை, தொப்பி, மேலங்கி. எங்கள் அத்தனை பேருடையவையும் நல்லமுத்துவின் தொட்டியில் கிடந்தன.

சீருடை என்றால் கஞ்சி வேண்டும். நல்லமுத்து வீட்டில் புதுக் கஞ்சி போடும் வழக்கமே இல்லை. சோறு வடித்த தண்ணீரைப் பானையில் ஊற்றி ஊற்றி நாள்கணக்கில் புளிக்கவைப்பார்கள். மூடியைத் திறந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் அதில் முக்கிய தொப்பி தகரம் மாதிரி நிற்கும். புதன்கிழமை சாயங்காலம் பூச்சாற்றில் முக்கிய துணியை எல்லாம் அந்தக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து கொட்டகைக்குள் கொடியில் போட்டார். மங்கல் வெளிச்சம், ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை தொப்பிகளை வாங்க நான் ஆற்றங்கரைக்குப் போனேன். தூரத்திலிருந்தே கொடி தெரிந்தது. சீருடை, தொப்பி, மேலங்கி எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. ஒரு நாடகக் குழு கரையில் தங்கியிருக்கிறதோ என்று நினைத்தேன்.

கீழே புருஷனும் பெண்சாதியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மேக நிழல்," என்றார் நல்லமுத்து.

"மேகம் எங்கய்யா இருக்கு?"

"காஞ்சா போயிடும்."

"காஞ்சுதான்யா இப்படி இருக்கு! அந்த மலாய்க்காரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, புளிப்பு படக்கூடாதுன்னு."

"நான் எங்கடி புளி போட்டேன்?"

ருக்குமணி அக்கா கஞ்சிப் பானையைத் தூக்கி வந்து அவர் மூக்குக்கு நேராகத் திறந்து பிடித்தார். நல்லமுத்து மோந்தார். முகம் மாறியது. "இது கஞ்சி. இது எப்படிப் புளிப்பாகும்?" என்று கேட்டவர், கேட்கும்போதே தெரிந்துகொண்டார்.

"மிஸ்ஸி, நான் செத்தேன்," என்றார் என்னைப் பார்த்து.

"நாடி நல்லாத்தான் இருக்கும். முதல்ல இதை அலசுங்க."

அலசியிருந்தால் பாதி போயிருக்கும். ஆனால் அவருக்குப் பதற்றம். சலவைச் சோடாவை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் கொட்டி, துணியை எல்லாம் அதற்குள் அமுக்கினார். நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். கத்தரிப்பூ நிறம் மெல்ல மெல்லக் கலைந்தது. "போகுது பாரு, போகுது பாரு" என்றார். போனது உண்மைதான். அந்த இடத்துக்குப் பச்சை வந்தது. பிஞ்சு புடலங்காய்ப் பச்சை.

ருக்குமணி அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் என்னென்ன நிறம்யா வச்சிருக்கே உள்ளே? எல்லாத்தையும் இப்பவே காட்டிடு. அப்புறம் மூட்டை கட்டுவோம். தோட்டத்துல பால் வாளி காத்துக்கிட்டிருக்கு."

இந்த இடத்தில் அழுவது சிலருக்கு வழக்கம். எனக்கு அதற்கு நேரமில்லை. இந்த மாதிரிப் பூச்சாயம் நூலில் ஒட்டி நிற்பதில்லை என்று துவைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பயத்தில் மறந்துவிட்டார்கள். "வெள்ளாவியை மூட்டுங்க" என்றேன். வெள்ளாவி என்பது பெரிய பானையில் சவுக்காரத்தோடு துணியை ஆவியில் வேகவைப்பது. அக்கா அடுப்பை மூட்டினார். நல்லமுத்து வெந்த துணியை எடுத்துக் கல்லில் அடித்த அடியில் எதிர்க்கரையில் கொக்கு பறந்துபோனது. வெயில் ஏறும்போது பச்சை போய்விட்டது. ஆனால் வெளுப்பு வரவில்லை. பழுப்பு. பழைய பல் மாதிரிப் பழுப்பு.

"நீலம் வேணும்," என்றேன்.

நல்லமுத்து ஆற்றைப் பார்த்தார்.

"டவுனுக்குப் போயிட்டு வர்றேன்."

"போய் வர்றதுக்குள்ள வெயில் இறங்கிடும். நானா கடை இந்தா இருக்கு."

"நான் போகமாட்டேன் மிஸ்ஸி. நீங்க போங்க."

"மேட்ரன்கிட்டயும் நானே போய்ப் பேசவா? தோட்டத்துல உங்களுக்குப் பதிலா நானே பால் வெட்டவா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் கூடவே போனேன். விட்டால் பாதி வழியில் திரும்பியிருப்பார்.

கடையில் அப்போது ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. நானா எங்களைப் பார்த்ததும் கணக்காகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வாப்பா நல்லமுத்து. காத்தாட நடக்க வந்தியா?"

நல்லமுத்து கூரையிலிருந்து தொங்கிய வெங்காயத்தைப் பார்த்தார். "வெங்காயம் இருக்கா?"

"இருக்கு."

"மிளகா?"

"உன் தலைக்கு மேலதான் தொங்குது."

"கருவாடு?"

"நானா, நீலக்கட்டி குடுங்க," என்றேன் நான்.

"உங்களுக்குன்னா எடுத்துக்குங்க மிஸ்ஸி. அவருக்குன்னா அவரு வாயால கேக்கணும். கேட்டாலும் சும்மா குடுக்கமாட்டேன். வெளுப்பு சீனி முகம்மது கடை நீலத்தாலதான்னு சொல்லணும். இப்ப வேணாம், இப்ப பூனைதான் இருக்கு. நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்கு முன்னாடி கடை நிறைய ஆள் இருப்பாங்க. அப்ப வந்து சொல்லணும்."

நல்லமுத்துவுக்கு அது போதும். திரும்பி வாசல்வரை போய்விட்டார். அப்போது உள்கட்டிலிருந்து நானாவின் மனைவி சித்தி ஹாஜராவின் குரல் வந்தது.

"நல்லமுத்து அண்ணனா அது? ஜிப்பா ஆயிடுச்சா அண்ணே?"

 பூனை கூட நக்குவதை நிறுத்தியது.

"எந்த ஜிப்பா?" என்றார் நானா.

"உங்க வெள்ளை ஜிப்பாதான். நாளைக்குத் தொழுகைக்குப் போட வேணாமா? நீங்க சண்டை போட்டா நான் அழுக்குத் துணியோட கிடக்கணுமா? கொல்லை வழியா எப்பவும் போல ருக்குமணிகிட்ட குடுத்தேன்."

நானா மெல்ல நல்லமுத்து பக்கம் திரும்பினார். "அது இப்ப எங்க இருக்கு?"

"என் தொட்டியில."

"என்ன நிறத்துல இருக்கு?"

நல்லமுத்துவிடம் ஒரு கெட்ட பழக்கம், வெளுப்பு விஷயத்தில் பொய் சொல்ல வராது. "காலையில கத்தரிப்பூ. அப்புறம் கொஞ்ச நேரம் பச்சை. இப்ப பழுப்பு நானா."

"அட பாவி! என் ஜிப்பாவை என்ன கொடியேத்தவா குடுத்தோம்?"

"பச்சையிலயே விட்டிருந்தா பள்ளிவாசலுக்கு ஆகாதா?"

"ஆகும்டா! ஆனா நான் கேட்டுப் போட்டுக்கணும்!"

உள்ளே சித்தி ஹாஜரா சிரிப்பது கேட்டது. நானா நீலக்கட்டிகளை அள்ளிக் காகிதத்தில் மடித்தார். மடித்ததைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் வியாபாரி. "நாளைக்குச் சொல்லணும்."

நல்லமுத்து வெளியே வெயிலைப் பார்த்தார். மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"சொல்றேன்."

அதற்குப் பிறகு நானா கடையை மனைவியிடம் விட்டுவிட்டு எங்களோடு ஆற்றுக்கு வந்துவிட்டார். ஜிப்பாவை நம்பி விட அவருக்கு மனமில்லை. நீலக்கட்டியைத் துணியில் முடிந்து தொட்டியில் ஆட்டினார்கள். போதும் என்பார் ஒருவர், போதாது என்பார் இன்னொருவர். இரண்டு பேர் கையையும் தட்டிவிட்டு ருக்குமணி அக்கா தானே கலக்கினார். கஞ்சிக்கு அன்றைக்கே வடித்த தண்ணீர்தான் என்று நான் நின்று பார்த்துக்கொண்டேன். மழை மலையோடு நின்றுவிட்டது. ஈரம் போகாத தொப்பிகளை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தோம். தேங்காய்ச் சிரட்டைக் கரியை ஊதி ஊதி நானாவின் மூஞ்சி கறுத்துப்போனது. அந்த மூஞ்சியோடு ஜிப்பாவுக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று நல்லமுத்து அவரை விரட்டினார்.

மறுநாள் காலை மூட்டை நேரத்துக்கு வந்தது. மேட்ரன் ஒரு தொப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அப்புறம் தலையணை உறை ஒவ்வொன்றையும் தலைகீழாக உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பெரிய அதிகாரி வந்தார், சாக்கடையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், எங்களில் யாரையும் பார்க்கவில்லை. அவர் மனைவி மட்டும் மேட்ரனிடம், இந்த ஈரக் காற்றில் துணியை இப்படி வெள்ளையாக எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மேட்ரன் அதைத் தமக்குச் சொன்ன பாராட்டாக வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் என்னிடம், "டோபி தொடரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அதைச் சொல்ல ஆற்றுக்குப் போனேன். நல்லமுத்து ஆற்றில் இல்லை, நானாவின் கடையில் நின்றுகொண்டிருந்தார். தொழுகைக்குப் போகிறவர்களும் சாமான் வாங்க வந்தவர்களுமாகக் கடை நிறைந்திருந்தது. நானா ஜிப்பா போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு வெளுப்பு.

"நானா, ஜிப்பா புதுசா?" என்று ஒருவர் கேட்டார்.

"பழசுதான்லா. நல்லமுத்து கை பட்டது," என்றார் நானா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. 

அதோடு விட்டிருக்கலாம். நல்லமுத்து விடவில்லை. கொடுத்த வாக்காயிற்றே. தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளிப்பிள்ளை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு, "வெளுப்பு சீனி முகம்மது கடை நீலத்தாலதான்" என்று உரக்கச் சொன்னார். நேற்றுவரை சண்டை போட்ட இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று கடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மேட்ரன் தொடரச் சொல்லிட்டாங்க," என்றேன் நான்.

நல்லமுத்து தலையை ஆட்டினார். "நானா, நீலக்கட்டி குடுங்க. நல்ல சவுக்காரமும் ஒண்ணு. போன தடவை குடுத்தது நுரையே வரல, சுண்ணாம்பைச் சேத்து விக்கறீங்களா?"

"யாருடா சுண்ணாம்பைச் சேக்கறது?"

நான் வார்டுக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு வேலை இருந்தது.